தரைக்கல் வாங்கும் கணக்கு



நாம் வியாபாரிகள். அரிசி மூட்டையைக் கண்ணால் பார்த்தே அதில் எத்தனை கிலோ இருக்கும் என்று சொல்லிவிடுவோம். துணிக்கடைக்காரர் கைமுழம் போட்டால் கெஜக்கோலும் அதையே சொல்லும். இப்படிக் கணக்கில் ஊறிய நாம், கடைக்கோ வீட்டுக்கோ தரைக்கல் வாங்கப் போகும்போது மாத்திரம், விற்கிறவர் சொன்ன கணக்கையோ பதிக்கிறவர் சொன்ன கணக்கையோ அப்படியே ஒப்புக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம். பிறகு கல் போதாவிட்டால் இரண்டாம் முறை லாரி வாடகை. மிஞ்சிவிட்டால் கொல்லையில் பாசி பிடிக்கும் பெட்டிகள். இரண்டும் நஷ்டமே.

டைல்ஸ் என்றும், மொசைக் என்றும் பலவாறாகச் சொல்லப்படும் இந்தத் தரைக்கல்லை எத்தனை வாங்குவது என்பதைப் பற்றி ஒரு பாடம்போல் எழுத எண்ணினேன். என் படிப்பு மத்ரஸாவோடும் ஆரம்பப் பள்ளியோடும் நின்றது. ஆகையால் வாய்ப்பாடு தெரிந்த எவரும் செய்யக்கூடிய கணக்கைத்தான் இங்கே சொல்கிறேன். பெரிய படிப்பு வேண்டியதில்லை.

நான் செய்த தவறு

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பாடம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பகுதியில் பிள்ளைகள் ஓதுவதற்கும், ஜமாஅத்தாகத் தொழுவதற்கும் உபயோகப்படும்படி ஓர் அறை கட்டினோம். 20 அடி அகலம், 24 அடி நீளம். வசூலான பணத்திலிருந்து தரைக்கல் வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கடையில் "ஓரடிக் கல்" என்றார்கள். நானும் இருபதையும் இருபத்து நாலையும் பெருக்கி 480 கல் வாங்கி வந்தேன். ஒரு கல் கூடுதலாக வாங்கினால் ஊர்ப் பணம் வீணாகுமே என்று அஞ்சி, அந்த 480-க்கு மேல் ஒன்றும் வாங்கவில்லை. அதைச் சிக்கனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அறை சாலையை ஒட்டிக் கட்டப்பட்டது. சுவர் கிப்லாவை நோக்கி நேராக இல்லை, சாய்வாக இருந்தது. ஸஃப் நேராக நிற்க வேண்டுமென்று, கல்லின் வரிசையைக் கிப்லாத் திசைக்கே பதிக்கச் சொன்னோம். நாலு சுவரோரத்திலும் ஒவ்வொரு கல்லையும் சாய்வாக வெட்ட வேண்டியதாயிற்று. மூன்றாம் நாள் கொத்தனார் வந்து, "பாய், கல்லு பத்தாது. பின்னால நாலு வரிசை நிக்குது" என்றார். எண்பது கல் குறைந்தது.

வாங்கிய கடைக்கு ஓடினேன். அதே பெயர், அதே கம்பெனி, அதே பெட்டி. ஆனால் வேறு சூளையில் வெந்த சரக்கு. வெள்ளையில் ஒரு மஞ்சள் சாயல். கடைக்காரர்மேல் குற்றமில்லை, பழைய சரக்கு அவரிடம் தீர்ந்துவிட்டது. வேறு வழியின்றி அதையே வாங்கிப் பதித்தோம். இன்றும் அந்த அறையின் கடைசி நாலு வரிசை தனியாகத் தெரிகிறது. பிள்ளைகள் அதை "மஞ்சக் கரை" என்கிறார்கள்.

அந்த வசூலில், விடியற்காலையில் நாசி லெமாக் பொட்டலம் விற்கும் ஒரு மக்சிக் கொடுத்த ஐந்து வெள்ளியும் இருந்தது. இரண்டாம் லாரியின் வாடகையை நான் என் கையிலிருந்து கொடுத்துவிட்டேன். இருந்தாலும், ஒழுங்காகக் கணக்குப் போட்டிருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம் அது. பிறர் பணம் அமானிதம். அமானிதத்தைத் திருடாமல் இருந்தால் மட்டும் போதாது. தெரியாத கணக்கைத் தெரிந்ததுபோல் போட்டுச் செலவழிப்பதும் அதற்குச் செய்யும் குறைதான் என்று அன்றுதான் விளங்கிற்று.

அளவும் நம் முன்னோரும்

அளவு நிறுவையில் குறை செய்பவர்களைக் கண்டித்துக் குர்ஆனில் ஒரு சூராவே இருக்கிறது. அதன் பெயரே அல்முதஃப்பிஃபீன், 83ஆம் சூரா. தாம் வாங்கும்போது நிறைவாக வாங்கிக்கொண்டு, பிறருக்குக் கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றியது. வியாபாரியின் வாழ்வில் அளவு எத்தனை முக்கியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம்மவர்கள் அளவுக் கணக்கைக் கல்வியாகவே வளர்த்தார்கள். கலீஃபா மாமூன் 813 முதல் 833 வரை ஆண்ட காலத்தில் பக்தாதில் இருந்த அல் குவாரிஸ்மி, அல்ஜப்ரு என்னும் கணிதத்தை எழுதியபோது, பாகப்பிரிவினைக்கும் நிலமளப்பதற்கும் அதில் தனியே இடம் கொடுத்தார். அவருக்குப் பின்னர் வந்த அபுல் வஃபா அல் பூஸ்ஜானி (940–998) என்பவர், கைவினைஞர்களுக்குத் தேவையான வடிவக் கணக்குகளுக்கென்றே ஒரு நூல் செய்தார். ஒரே அளவுள்ள மூன்று சதுரங்களை வெட்டிச் சேர்த்து ஒரு பெரிய சதுரமாக்குவது எப்படி என்று கல் பதிக்கும் தொழிலாளர்கள் கேட்பதையும், அவர்கள் கண்மதிப்பாக வெட்டும் முறையில் எங்கே பிழை நேர்கிறது என்பதையும் அதில் விளக்கினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவரில் ஓர் அறிஞர் கொத்தனாரோடு உட்கார்ந்து கல்லை அளந்திருக்கிறார். நாம் கூச்சப்பட என்ன இருக்கிறது?

நிற்க. இனிப் பாடத்துக்கு வருவோம்.

முதற்பாடம்: ஓரடிக் கல் ஓரடி அல்ல

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டம் வந்து மெட்ரிக் முறைக்கு மாறிவிட்டோம். ஆனால் வாயில் இன்னும் அடிதான் இருக்கிறது. வீட்டை அடியில் அளக்கிறோம். கல்லோ சென்டிமீட்டரில் வருகிறது. கோளாறு இங்கேதான்.

ஓரடி என்பது 30.48 சென்டிமீட்டர். "ஓரடிக் கல்" என்று விற்கப்படுவதோ பெரும்பாலும் 30 சென்டிமீட்டர். "இரண்டடிக் கல்" என்பது 60 சென்டிமீட்டர். உண்மையான இரண்டடி 60.96. வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். ஆனால் அகலத்திலும் குறைகிறது, நீளத்திலும் குறைகிறது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்:

30 செ.மீ. கல் ஒன்று 0.09 சதுர மீட்டர், அதாவது 0.969 சதுர அடி.

60 செ.மீ. கல் ஒன்று 0.36 சதுர மீட்டர், அதாவது 3.875 சதுர அடி. நாலு சதுர அடி அல்ல.

ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி என்பதை மட்டும் கடையின் கணக்குப் புத்தகத்து முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து வரும்.

என் 480 சதுர அடி அறைக்கு, ஒரு கல்கூட வெட்டாமல் பதித்திருந்தாலும் 496 கல் வேண்டும். ஆகவே, கடையை விட்டு நான் புறப்படும்போதே 16 கல் குறைவாகத்தான் புறப்பட்டேன். சாய்வாக வெட்டியதில் மீதி போயிற்று.

இரண்டாம் பாடம்: அறையை அளப்பது

அறையின் நீளத்தையும் அகலத்தையும் ஒரே இடத்தில் அளந்துவிட்டுத் திரும்பிவிடக் கூடாது. முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பழைய கடைவீடுகளில் ஒன்றுக்கொன்று இரண்டு அங்குலம்கூட வேறுபடும். மூன்றில் எது பெரியதோ அதையே கணக்குக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமானால் அறை சரியான சதுரிப்பில் இருக்கிறது. சமமில்லாவிட்டால் சுவர் கோணல். ஒரு சுவரோரம் முழுவதும் கல்லை ஆப்புப்போல் வெட்ட நேரிடும் என்று அறிந்துகொள்ளலாம். ஒரு மூலையை மட்டும் சோதிக்க வேண்டுமானால், ஒரு சுவரில் 3 அடியும் அடுத்த சுவரில் 4 அடியும் குறித்து, அந்த இரண்டு குறிகளுக்கும் இடையே அளக்க வேண்டும். சரியாக 5 அடி வந்தால் மூலை மட்டமாக இருக்கிறது. பெரிய அறையானால் 6, 8, 10 என்று அளக்கலாம்.

அறை நேராக இல்லாமல் மடங்கி இருந்தால், அதை இரண்டு செவ்வகமாகப் பிரித்துத் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்டுங்கள். வாசற்படியின் கீழ் வரும் இடத்தையும், அலமாரி நிற்கும் குழியையும் விட்டுவிடாதீர்கள். நடுவில் உள்ள சிறு தூணுக்காகக் கழிக்கவும் வேண்டாம். தூணைச் சுற்றி வெட்டுவதில் கல் வீணாகுமே தவிர மிஞ்சாது.

மூன்றாம் பாடம்: பரப்புக் கணக்கு

ஒரு கடையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அகலம் 18 அடி, நீளம் 40 அடி. பரப்பு 720 சதுர அடி. 60 செ.மீ. கல் பதிக்க எண்ணுகிறோம். இந்த அளவுக் கல் சாதாரணமாகப் பெட்டிக்கு நாலு வரும், பெட்டிக்கு 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி. ஆனாலும் எந்தப் பெட்டியானாலும் மேலே அச்சிட்டிருக்கும் எண்ணிக்கையையும் சதுர மீட்டரையும் படித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும்.

கல்லை இரண்டடி என்று தவறாக எண்ணினால்: 720-ஐ 4-ஆல் வகுக்க 180 கல், 45 பெட்டி.

சரியான அளவை எடுத்தால்: 720-ஐ 3.875-ஆல் வகுக்க 185.8, அதாவது 186 கல்.

வெட்டுக்கும் உடைவுக்கும் நூற்றுக்குப் பத்துச் சேர்த்தால்: 205 கல், 51 பெட்டி போதாது, 52 பெட்டி.

நூற்றுக்குப் பத்து என்பது நேர்வரிசையில் பதிக்கும் சாதாரண அறைக்கு. கல்லை மூலைவாட்டாகப் பதித்தாலோ, என் அறைபோலச் சுவருக்குச் சாய்வாகப் பதித்தாலோ நூற்றுக்குப் பதினைந்து சேர்க்க வேண்டும். என் 496-உடன் பதினைந்து சதவீதம் சேர்த்தால் 571 ஆகிறது. எனக்கு உண்மையில் செலவான 560-க்குப் போக, பதினொரு கல் கையிருப்பாக நின்றிருக்கும். அந்தக் கணக்கு அன்று எனக்குத் தெரிந்திருந்தால் மஞ்சக் கரை வந்திராது.

நான்காம் பாடம்: வரிசைக் கணக்கு

பரப்புக் கணக்கு உத்தேசம். வரிசைக் கணக்கே உறுதி. தரையில் கல் உட்காரும் விதத்தை மனத்தில் கண்டு எண்ணுவதுதான் வரிசைக் கணக்கு.

அதே கடை. கல்லுக்குக் கல் 3 மில்லிமீட்டர் இடுக்கு விடுவதாகக் கொண்டால், ஒவ்வொரு கல்லும் 603 மில்லிமீட்டர் இடத்தைப் பிடிக்கும். 18 அடி என்பது 5486 மில்லிமீட்டர். அதில் ஒன்பது முழுக்கல் போக, சுமார் 6 சென்டிமீட்டர் மீதி நிற்கிறது. கடைக்குள் நுழைகிறவர் கண்ணில் ஒரு பக்கச் சுவரோரம் முழுவதும் ஆறு சென்டிமீட்டர்க் கீற்று தெரியும். அப்படி மெல்லிய கீற்றாக வெட்டும்போது உடைவும் அதிகம்.

ஆகவே நல்ல தொழிலாளி என்ன செய்வார்? நடுவில் எட்டு முழுக்கல் வைத்து, மீதியை இரண்டு பக்கமும் சமமாகப் பங்கிடுவார். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் வரும். பார்வைக்கு அழகு. ஆனால் 60-இல் 33 வெட்டினால் மிஞ்சுவது 27. அது எதிர்ப்பக்கத்துக்குப் போதாது. எனவே பக்கத்துக்கு ஒரு கல் வீதம் செலவாகி, வரிசைக்குப் பத்துக் கல் ஆகிறது.

நீளத்தைப் பார்ப்போம். 40 அடி என்பது 12192 மில்லிமீட்டர். இருபது முழு வரிசை போக, பின்சுவர் ஓரம் 13 சென்டிமீட்டர் மீதி. பின்புறம் சரக்கு அடுக்கும் இடமாதலால் அந்தக் கீற்றை அங்கே விட்டுவிடலாம்.

இருபது வரிசைக்கு, வரிசைக்குப் பத்து வீதம், 200 கல். கடைசிக் கீற்றுக்குப் புதுக் கல் வேண்டுமா? வேண்டாம். பக்கங்களில் வெட்டி மிஞ்சிய 27 சென்டிமீட்டர்த் துண்டுகள் நாற்பது இருக்கின்றன. அவற்றில் பத்தை எடுத்து 13 சென்டிமீட்டராக வெட்டினால் கடைசி வரிசை முடிந்தது. வெட்டாத விளிம்பு அடுத்த கல்லைப் பார்க்கவும், வெட்டிய விளிம்பு சுவரைப் பார்க்கவும் வைக்க வேண்டும்.

மீதி முப்பது துண்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். சுவரடியில் ஒட்டும் பட்டிக்கு அவை உதவும். துண்டுக்கு 60 சென்டிமீட்டர் வீதம் 18 மீட்டர், அதாவது 59 அடிப் பட்டி கிடைக்கும். கடையின் சுற்றளவு 116 அடி. பாதிச் சுவருக்குப் பட்டி செலவில்லாமல் வந்துவிட்டது. வீண்விரயம் செய்யாதே என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். கல் வெட்டும் இடத்தில் நின்று அதைச் செய்து காட்டலாம்.

ஆக, வரிசைக் கணக்குப்படி 200 கல், 50 பெட்டி. வெட்டும்போது உடைவதற்கு ஒரு பெட்டி, பிற்காலத்துக்கு ஒரு பெட்டி சேர்த்து 52 பெட்டி. பரப்புக் கணக்கும் 52 என்றே சொன்னது. இரண்டு கணக்கும் ஒத்து வந்தால் மனநிம்மதியோடு பணத்தைக் கொடுக்கலாம். ஒத்து வராவிட்டால் வரிசைக் கணக்கையே நம்ப வேண்டும். "இரண்டடிக் கல், 45 பெட்டி" என்று வாங்கியவர் இருபது கல் குறைந்து நின்றிருப்பார்.

ஐந்தாம் பாடம்: பெட்டியைப் படிப்பது

தரைக்கல் சூளையில் வேகும் பொருள். ஒவ்வொரு முறை வேகும்போதும் நிறமும் அளவும் மயிரிழை மாறும். ஆகையால் பெட்டியின் பக்கத்தில் சரக்கு எண், சாயல் எண், அளவு எண் ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். லாரியிலிருந்து இறக்கும்போதே ஒவ்வொரு பெட்டியையும் பார்த்து, எல்லாம் ஒரே எண்தானா என்று சரிபாருங்கள். ஒரு பெட்டி மாறியிருந்தாலும் பிரிப்பதற்கு முன் திருப்பிக் கொடுங்கள். பதித்த பிறகு பேசிப் பயனில்லை.

இது இயந்திரக் கல்லுக்கு மாத்திரம் உள்ள சங்கதியல்ல. நம்மில் பலருடைய பூர்வீகமான சிவகங்கை, இராமநாதபுரம் பக்கங்களில் ஆத்தங்குடிக் கல்லை யாவரும் அறிவர். காரைக்குடி அருகே அந்தக் கிராமத்தில், கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் சேர்த்துக் கையாலேயே செய்து, தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். சூளையில் வைப்பதில்லை. எட்டங்குலக் கல்லானால் நூறு சதுர அடிக்கு 225 வேண்டும், பத்தங்குலமானால் 144. கையால் செய்வதால் சாயல் மாறுவது அதன் இயல்பு. ஆதலால் வேண்டியதை ஒரே தடவையில் செய்யச் சொல்வதே முறை.

கல்லின் சாதியையும் பார்க்க வேண்டும். சுவருக்கு விற்கும் கல்லில் பல அதிகம் நீர் குடிக்கும், மெல்லியது, தரையில் போட்டால் உடையும். போர்சலின் என்னும் இறுகிய வகை, தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் நீர் குடிக்காது. ஆள் நடமாட்டமும் மூட்டை இழுப்பும் உள்ள கடைக்கு அதுவே உகந்தது. ஒளுச் செய்யும் இடத்துக்கும், சாப்பாட்டுக் கடையின் அடுப்படிக்கும் கண்ணாடிபோல் பளபளக்கும் கல் கூடவே கூடாது. சொரசொரப்பான சிறு கல்லே வேண்டும். சிறு கல்லானால் நீர் வடியும் சரிவுக்கேற்ப மடங்கிக் கொடுக்கும். வயதானவர்கள் வழுக்கி விழவும் மாட்டார்கள்.

ஆறாம் பாடம்: நம் மண்ணும் நம் தூரமும்

பாகான் நக்கோடா ஓமார், சுங்கை ஆயர் தாவார், சபாக் பெர்ணம் பக்கமெல்லாம் கடலோர வண்டல் களிமண். நெல்லுக்கும் தென்னைக்கும் நல்ல மண்; கட்டடத்துக்கு இளகிய மண். தரை சிறிது சிறிதாக அமரும். அமரும்போது கல் வெடிக்கும். ஆகையால் மேட்டு நிலத்துக்காரர் அரைப் பெட்டி கையிருப்பு வைத்தால், நாம் ஒரு பெட்டியாவது வைக்க வேண்டும். ஐந்து வருடம் கழித்து நாலு கல் வெடித்தால், அதே சாயல் எந்தக் கடையிலும் கிடைக்காது. உங்கள் பரணில்தான் கிடைக்கும். பெட்டியின் மேலட்டையைக் கிழித்து, கடைப் பற்றுச்சீட்டோடு சேர்த்து வைத்திருங்கள். புதிதாகப் போட்ட காங்கிரீட் தரையை நாலு வாரமாவது ஆற விட்டுப் பிறகு கல் பதிக்கச் சொல்லுங்கள். சுவரோரம் சிறிது இடைவெளி விட்டால் தரை விரிந்து சுருங்க இடம் இருக்கும். சுவரடிப் பட்டி அதை மறைத்துவிடும்.

எடையையும் எண்ணுங்கள். 60 செ.மீ. போர்சலின் கல் பெட்டி ஒன்று சுமார் 30 கிலோ. 52 பெட்டியென்றால் 1560 கிலோ. ஒரு டன் லாரி ஒரே நடையில் ஏற்றக் கூடாது. தெலுக் இந்தானிலிருந்தோ கிள்ளானிலிருந்தோ வரவழைப்பவர்கள் வாடகையைச் சேர்த்துத்தான் விலையை ஒப்பிட வேண்டும். குறைந்துபோன ஒரு பெட்டிக்காக மறுபடி ஒரு லாரி வந்தால், கல்லின் விலையைவிட வழியின் விலை அதிகமாகிவிடும்.

பிரிக்காத பெட்டியைத் திருப்பி எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாளைக்குள் என்பதையும் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள். வாங்கிய பின் கேட்பது யாசகம். வாங்கும் முன் கேட்பது வியாபாரம்.

தொழும் இடத்துக்கு ஒரு வார்த்தை

சிலாங்கூரில் கிப்லா நேர் மேற்கு அல்ல. மேற்கிலிருந்து ஏறக்குறைய 22 பாகை வடக்கே சாய்ந்தது. சாலையைப் பார்த்துக் கட்டிய அறையின் சுவர் பெரும்பாலும் இதற்கு ஒத்து வராது. அறையில் தொழுவதாயிருந்தால், கல் வாங்கும் முன்பே கிப்லாவைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் மே 28-ஐயும், ஜூலை 16-ஐயும் ஒட்டிய நாட்களில் சூரியன் கஃபாவுக்கு நேர் மேலே வருகிறது. நம் நாட்டு நேரம் முதல் நாளில் மாலை ஐந்தே காலை ஒட்டியும், இரண்டாம் நாளில் ஐந்தரைக்குச் சற்று முன்னும் அது நிகழும். அப்போது நட்டு வைத்த கோலின் நிழலுக்கு நேர் எதிர்த்திசையே கிப்லா.

திசையைக் குறித்த பின் இரண்டு வழி உண்டு. ஒன்று, கல்லையே கிப்லாத் திசைக்குப் பதிப்பது. நூற்றுக்குப் பதினைந்து கூடுதல் கல்லும், அதிகக் கூலியும் ஆகும். மற்றொன்று, கல்லைச் சுவருக்கு நேராகப் பதித்துவிட்டு, ஸஃபுக்குக் கோடு வரைந்தோ விரிப்பு விரித்தோ கொள்வது. பத்துச் சதவீதம் போதும். இரண்டும் தகும். எது என்று முடிவு செய்வது கல் வாங்கும் முன் இருக்க வேண்டும். நாங்கள் வாங்கிய பின் முடிவு செய்தோம்.

விற்பவர்களுக்கு

நம் சங்கத்தில் இரும்புச் சாமான் கடை வைத்துக் கல் விற்கும் சகோதரர்களும் இருக்கிறார்கள். வாடிக்கைக்காரர் "இரண்டடிக் கல்" என்று கேட்டால், "இது 60 சென்டிமீட்டர், இரண்டடிக்குச் சற்றுக் குறைவு" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் அறையின் அளவைக் கேட்டு, ஒரு சீட்டில் வரிசைக் கணக்குப் போட்டுக் கொடுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். இன்று இரண்டு பெட்டி குறைத்து விற்பதால் மலிவாகக் கொடுத்தவர் என்ற பெயர் வரலாம். ஆனால் அவர் தரையில் சாயல் மாறி நிற்கும் ஒவ்வொரு நாளும் அந்தப் பெயர் தேய்ந்துகொண்டே வரும். சரியான அளவு சொல்லி விற்றவரிடம் அவர் பிள்ளையும் வந்து வாங்குவான்.

பயிற்சி

படித்ததைச் சோதித்துக்கொள்ள ஒரு கணக்கு. 12 அடி அகலம், 15 அடி நீளமுள்ள அறை. 60 செ.மீ. கல், பெட்டிக்கு நாலு, இடுக்கு 3 மில்லிமீட்டர். எத்தனை பெட்டி வேண்டும்? கீழே பார்க்காமல் போட்டுப் பாருங்கள்.

விடை: பரப்பு 180 சதுர அடி. அதை 3.875-ஆல் வகுக்க 47 கல். பத்துச் சதவீதம் சேர்த்து 52 கல், 13 பெட்டி. இது பரப்புக் கணக்கு. இனி வரிசைக் கணக்கு: 12 அடியில் ஆறு முழுக்கல் போக 4 சென்டிமீட்டர்க் கீற்று விழுகிறது. அதைத் தவிர்க்க நடுவில் ஐந்து முழுக்கல்லும், இரு பக்கமும் ஏறக்குறைய 32 சென்டிமீட்டர் வெட்டுக் கல்லும் வைத்தால் வரிசைக்கு ஏழு. 15 அடியில் ஏழு முழு வரிசையும், 35 சென்டிமீட்டரில் ஒரு வெட்டு வரிசையுமாக எட்டு. ஏழெட்டு ஐம்பத்தாறு, 14 பெட்டி. பக்கத்தில் மிஞ்சும் 28 சென்டிமீட்டர்த் துண்டு 35 சென்டிமீட்டர் வரிசைக்கு உதவாது என்பதைக் கவனிக்க. கையிருப்புக்கு ஒன்று சேர்த்து 15 பெட்டி.

13 பெட்டி வாங்கியவர் நாலு கல் குறைந்து நிற்பார். அறை சிறியதாக ஆக, வெட்டும் ஓரத்தின் பங்கு பெரிதாகிறது. பத்துச் சதவீதம் போதாமல் போகிறது. சிறு அறைதானே என்று அலட்சியமாக இருப்பவர்களே அதிகம் ஏமாறுகிறார்கள்.

முடிவுரை

சுருங்கச் சொன்னால்: மூன்று இடத்தில் அளந்து பெரியதை எடு, கல்லின் அளவைச் சென்டிமீட்டரில் கேள், பதிக்கும் திசையை முன்பே முடிவு செய், பரப்பிலும் வரிசையிலும் கணக்குப் போட்டு ஒப்பிடு, முழுப் பெட்டியாக மேலேற்று, எல்லாப் பெட்டியின் எண்ணையும் சரிபார், ஒன்றைப் பரணில் வை.

நான் அந்த அறைக்குள் நுழையும் ஒவ்வொரு வக்திலும் பின்னால் உள்ள நாலு வரிசை என் கண்ணில் படுகிறது. தொழுகை அதில் கூடும், குறையொன்றுமில்லை. பிள்ளைகளும் அந்த மஞ்சக் கரையில்தான் கித்தாபை விரித்து உட்கார்ந்து ஓதுகிறார்கள். எனினும் மற்றோர் ஊரில் மற்றொருவர் அமானிதப் பணத்தை எடுத்துக்கொண்டு கல் வாங்கப் புறப்படும்போது, இந்தக் கணக்கு அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். அல்லாஹ் நம் அளவுகளைச் சீராக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.